மடுல்சீமையில் மனை திருத்தியது

யூபிலி மலர்க் குழுவினர் நம்மிடம் ஒரு கட்டுரை வேண்டி எழுதியபோது, தமிழாசிரியன் என்ற முறையிலே சங்க இலக்கியம் பற்றியோ சமய குரவர் பற்றியோ நாம் எழுதுவோம் என எதிர்பார்த்திருத்தல் கூடும். அத்தகைய கட்டுரைகள் வேறு அன்பர்களின் கைவண்ணத்தில் இம்மலரில் நிறைய வரும் என்பது நமது துணிபு. நாமோ கூரையொழுக்கை அடைத்தது, அடுப்புப் புகையை வெளியேற்றியது, கான் வெட்டியது என்னும் சில்லறை வேலைகளைப் பற்றியே எழுதப் புகுகின்றோம். வேலை நடந்த இடம் ஊவா மாகாணத்து மடுல்சீமை. வேலை செய்த கையோ, நமது இந்துக் கல்லூரியின் மரவேலைக் கூடத்தில் முதன்முதலாக உளி பிடித்த கை. ஆதலின் இம்மலரில் இதற்கும் ஒரு மூலை கிடைக்கும் என நம்புகின்றோம்.

கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிலே பயிற்சி முடித்து, பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழைப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு, 2011 ஆம் ஆண்டு தை மாதத்தில் மடுல்சீமைத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு நாம் வந்து சேர்ந்தோம். மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1924 ஆம் ஆண்டிற் பதுளைக்கு வந்து, அதற்கப்பால் ஏறமாட்டாது அங்கேயே நின்றுவிட்டது. பதுளையிலிருந்து பசறைக்கு ஒரு பஸ்வண்டி. பசறையிலிருந்து மலையேற மற்றொன்று. ஏறுந்தோறும் வளைவு, வளையுந்தோறும் தேயிலை. தேயிலைக்கு முன் இம்மலைகளிற் கோப்பி இருந்தது. 1869 ஆம் ஆண்டில் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பியைச் சிறிது சிறிதாக அழித்த பின்னரே தேயிலை கோலோச்சலாயிற்று. பயிரிடாத சரிவுகளில் மானாப்புல் அடர்ந்த பத்தனைகள் கிடக்கின்றன. மலைத்தொடரின் விளிம்பொன்றிலே நிலம் திடீரென்று அற்றுப்போகும். அவ்விடத்தைச் ‘சின்ன உலக முடிவு’ என்பர். அங்கு நின்று நோக்கின் கீழேயுள்ள சமவெளி பாய் விரித்தாற்போலத் தோன்றும். காட்சியின்பம் பற்றி இவ்வளவு போதும். எஞ்சியதைச் சுற்றுலாப் பயணிகள் எழுதுவர்.

பாடசாலைக்குரிய ஆசிரியர் விடுதியின் கூரை நாம் வருமுன்னரே போய்விட்டது. ஆதலால், பழைய லயமொன்றின் கோடியிலே ஆளின்றிக் கிடந்த காம்பராவைத் தோட்டத்தார் நமக்கு ஒதுக்கினர். நீளம் 12 அடி. அகலம் 10 அடி. முன்னே இஸ்தோப்பு என்னும் சிறு திண்ணை. பின்னே, சுவருக்கு இரண்டு முழம் அப்பால், ஆளுயர மண்மேடு. கருங்கற்சுவர், தகரக்கூரை, வாயில் ஒன்று. சாளரம் இல்லை.

தமிழாசிரியனுக்கென்று ஒரு நோய் உண்டு. பொருளைக் காணுமுன் சொல்லைக் காண்பான். ‘லயன்’ ஆங்கிலேயர் தந்த சொல். வரிசை என்பது பொருள். அதனையே மக்கள் ‘லயம்’ ஆக்கினர். இசையிலே லயம் என்பது ஒருமைப்பாடு. இங்கேயோ ஒரு கூரையின்கீழ்ப் பத்துக் குடும்பம். ‘காம்பரா’ போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. ‘இஸ்தோப்பு’ ஒல்லாந்தருடையது. சுவரை நெம்பப் பிடித்த அலவாங்கும் போர்த்துக்கேயச் சொல்லே. அவ்வீட்டிலே கலப்பற்ற தமிழ்ப்பெயரோடு இருந்தது அடுப்பு ஒன்றுதான். அதுவும் புகைந்துகொண்டிருந்தது.

வீடு வேய்தல் நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்திலே வேலி அடைக்கவும் கிடுகு பின்னவும் தெரியாத பிள்ளை அக்காலத்தில் அரிது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் வீடு வாசல் விட்டு வெளியேறியபோது, நாமும் பெற்றோருடன் துவிச்சக்கரவண்டியில் ஒரு மூட்டை கட்டிக்கொண்டு நடந்தோம். பின்னர் வன்னியிலே காட்டுத்தடி நட்டு, கிடுகு வேய்ந்து, தந்தையார் கட்டிய கொட்டிலுக்கு நாமே கூரைமேல் ஏறிய சிற்றாள். கிடுகை வரிச்சுக்கு எவ்வாறு கட்டுவது, முகட்டை எவ்வாறு மூடுவது என்பவற்றை அங்கே கற்றோம். ஆயினும், மடுல்சீமையிலே தென்னோலையுமில்லை, பனையோலையுமில்லை. தகரத்தைப் பற்றி நாம் ஏதும் அறியோம்.

யாழ்ப்பாணத்தில் மார்கழியோடு பெரும்பாலும் ஓயும் வடகீழ்ப் பருவமழை, ஊவாவின் இக்கீழ்ச்சரிவுகளில் தையிலும் அடித்துப் பெய்யும். நாம் சென்ற முதல் இரவிலேயே ஏழு இடங்களில் ஒழுக்கு. நம்மிடம் இருந்த பாத்திரங்களோ நான்கு. விடியற்காலையில் அடுத்த லயத்துப் பெரியவர் ஒருவர் இஸ்தோப்பில் வந்து நின்றார். தோட்டத்துக் கொத்து வேலையில் முப்பத்தெட்டு ஆண்டு உழைத்து ஓய்ந்தவர். அப்போது எழுபதை அணுகியவர். நாம் கேளாமலே ஏணியைச் சாத்தி ஏறிப் பார்த்தார்.

“மாஸ்டர், ஆணியெல்லாம் குழியில அடிச்சு வச்சிருக்கானுக. தண்ணி ஓடுற வழியே குழிதானே? மேட்டுல அடிக்கணும்.”

“இவ்வளவு காலமும் இதை ஒருவரும் பார்க்கவில்லையா, ஐயா?”

“பாத்தவங்க பாத்திரம் வச்சாங்க, மாஸ்டர்.”

கூரைத் தகரத்தின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடவில்லை. குழியிலிருந்த பழைய ஆணிகளைக் குறட்டாற் பிடுங்கி, துளைகளைத் தாரும் தகரத் துண்டும் வைத்து அடைத்தோம். புதிய ஆணிகளை மேட்டில் அடிக்கும்போது ஒவ்வொன்றின் தலைக்குங் கீழே ஒரு வட்டத் தகரமும், அதற்குங் கீழே பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய இறப்பர் வட்டமும் இட்டோம். ஆணியைத் தளர அடித்தால் நீர் புகும். இறுக அடித்தால் மேடு நசுங்கி அங்கே நீர் தேங்கும். இறப்பர் சற்றே பிதுங்கும் அளவோடு கை நின்றுவிடவேண்டும். அடுத்தடுத்த தகரங்கள் ஒன்றரை அலையேனும் ஒன்றன்மேலொன்று படியவேண்டும். படியும் விளிம்பின் வாய் மழைக்காற்று வரும் திசையை நோக்காது, அதற்கு மறுபுறம் நோக்கவேண்டும்.

இங்கே நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. மடுல்சீமையில் காற்று இரண்டு. மாரியிலே வடகீழ்க் காற்று மழையைக் கொண்டுவரும். ஆடி, ஆவணியில் மலைமுகட்டைத் தாண்டி வரும் கச்சான் மழையை மறுபுறத்தில் உதிர்த்துவிட்டு, வறண்ட வீச்சாக இறங்கும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் வாங்கித் தந்த நறுமணம் அக்காற்றின் வறட்சியிலேதான் ஊறுகின்றது. தேயிலைக்கு வாசம் தரும் அதே காற்று கூரையையும் கழற்றும். எந்தக் காற்றுக்கு விளிம்பை மறைப்பது? பெரியவர் தயங்கவில்லை. “நனைக்கிற காத்துக்கு மடிப்பு, தூக்குற காத்துக்குக் கல்லு.” லயக்கூரைகளின்மேல் கற்களும் பழைய டயர்களும் கிடப்பதைக் கண்டு ஒழுங்கீனம் என்று எண்ணிச் செல்வோர் உளர். அவை ஒவ்வொன்றும் கணக்கறிந்து வைக்கப்பட்டவை.

ஒழுக்கு நின்றபின்னும் விடியற்காலையில் தலையணை நனைந்தது. மழை இல்லாத நாளிலும் நனைந்தது. பேய் என்று சொல்லப் பக்கத்து வீட்டுச் சிறுவர் ஆயத்தமாயிருந்தனர். காரணம் எளிது. அடுப்பாவியும் மூச்சும் சேர்ந்த உள்வளி, இரவுக் குளிரிற் சில்லிட்ட தகரத்தின் அடிப்புறத்தில் நீராகப் படிந்து சொட்டுகின்றது. மாச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து, சிலாகைகளுக்குக் கீழே விரித்து அடித்து, அதன்மேற் பழைய பத்திரிகைகளைக் கஞ்சிப்பசையால் ஒட்டினோம். தகரத்துக்கும் சாக்குக்கும் இடையே நின்ற காற்றே போர்வையாயிற்று, சொட்டு நின்றது. மல்லாந்து படுத்தால் பழைய செய்திகளை வாசிக்கலாம் என்பது எதிர்பாராத பயன்.

சுவருக்குச் சீமெந்து பூச எண்ணினோம், பெரியவர் தடுத்தார். பின்மேட்டின் ஈரம் கல்லினூடே வந்துகொண்டேயிருக்கும். சீமெந்து அதனை உள்ளே சிறைப்படுத்தும். ஓராண்டிற் பொருக்காகக் கழன்று விழும். சுண்ணாம்போ ஈரத்தை வெளிவிடும். ஆகவே சுண்ணாம்பு மூன்று முறை அடித்தோம். அறை வெளுத்தபோதுதான் புகையின் கொடுமை தெரிந்தது. அங்கே விறகாவது மிளாறு. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகள். நன்கு காய்ந்தால் சுள்ளென்று எரியும். காயாவிடின் கண்ணைப் பறிக்கும். பசறையில் இரண்டு சட்டி வைக்கும் அனகி மண்ணடுப்பு ஒன்று வாங்கிக் களிமண்ணிற் பதித்து, அதன்மேல் எண்ணெய்ப் பீப்பாய்த் தகரத்தைக் கூம்பாக வளைத்துத் தொங்கவிட்டு, அதன் குழாயைச் சுவருக்கும் கூரைக்கும் இடையே இருந்த சாணளவு இடைவெளியால் வெளியேற்றினோம். முற்றும் புகையற்ற அடுப்பு என்று சொல்லமாட்டோம். ஆனால், உண்ணும்போது கண்ணீர் வருவது நின்றது. அந்த மாதத்திலேயே எங்கள் லயத்தில் மூன்று வீடுகளில் அத்தகைய கூம்புகள் தொங்கின. பெண்களே அவற்றை வளைத்தனர். நமதைவிட அவை செம்மையாயிருந்தன.

நூல் வைக்கும் அலுமாரி பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. முன்னாளில் தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் ஏற்றுமதியாயிற்று. பின்னர் கடதாசிச் சாக்குகள் அவ்விடத்தைப் பிடித்தன. மூலையிற் கிடந்த நான்கு பழைய பெட்டிகளை வாங்கி, விளிம்புத் தகரங்களைக் கழற்றி, சீவி, அடுப்புச் சுவரோரம் அடுக்கினோம். நன்னூலும் தொல்காப்பியமும் அங்கே பூஞ்சணம் பிடிக்காது இருந்தன. ஒரு தவணை முழுவதும் வேறெதுவும் செய்யவிடாது உளி தீட்டவே நம்மைப் பழக்கிய கல்லூரி மரவேலை ஆசிரியரை அன்று நினைந்து கைகூப்பினோம். அப்போது மாணவராயிருந்து முணுமுணுத்தோர் இம்மலரை வாசிப்போருள்ளும் இருப்பர்.

நிற்க. குடில் கட்டியோர் கதையென்றால் கற்றோர் நினைவுக்கு வருபவர் அமெரிக்க அறிஞர் ஹென்றி டேவிட் தோரோ. கல்லூரி நூலகத்திலே ‘வால்டன்’ என்னும் அவர் நூலை வாசித்து மயங்கியோருள் நாமும் ஒருவர். இரவல் கோடரி ஒன்றோடு காட்டிற் புகுந்து, தம் கையாலே குடில் கட்டி, 1845 ஆம் ஆண்டு யூலை 4 ஆந் திகதி அதிற் குடிபுகுந்தார். குடிலின் அளவு 15 அடிக்கு 10 அடி. செலவு 28 டொலர் 12½ சதம். லயக் காம்பராவினும் மூன்றடியே நீளம். மடுல்சீமையில் மிளாறு காய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்நூலை மீண்டும் எடுத்தபோது, இளமையில் நாம் கவனியாது கடந்த ஒரு பகுதி கண்ணிற் பட்டது. தம் குடிலுக்குப் பலகை வேண்டி, இருப்புப்பாதை வேலைக்கு வந்திருந்த யேம்ஸ் கொலின்ஸ் என்னும் அயர்லாந்துத் தொழிலாளியின் குடிசையை அவர் 4 டொலர் 25 சதத்துக்கு வாங்குகின்றார். மறுநாள் விடியற்காலையில் அக்குடும்பம் வழியிலே எதிர்ப்படுகின்றது. படுக்கை, கோப்பி அரைக்கும் பொறி, கண்ணாடி, கோழிகள் எல்லாம் ஒரே பெரிய மூட்டையில். பூனை மட்டும் மூட்டையில் இல்லை. அது காட்டுக்குப் போய்விட்டது. தோரோ குடிசையைப் பிரித்து, பலகைகளை வெயிலிற் காயவைக்கின்றார். கொலின்ஸ் எங்கே சென்றார் என்பது கதையில் இல்லை.

தோரோ மேல் நமக்கு மதிப்புக் குறையவில்லை. ஆனால் அவர் கட்டிய நிலம் நண்பர் எமேர்சனுடையது. அங்கே அவர் இருந்தது இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள். போக வேறு வீடு இருந்தது. தன் கையாற் செய்துகொள்ளுதல் அவருக்கு நோன்பு. மடுல்சீமையில் நாம் கண்ட மக்களுக்கு அது நோன்பன்று. கூரை ஒழுகினால் தாமே அடைப்பர், ஏனெனில் அடைக்க வருவார் இல்லை. அடைத்தபின்னும் அக்கூரை அவர்களுடையதன்று.

இதனை நாம் அறிந்தது சாளர விடயத்திலே. காம்பரா பகலிலும் இருண்டிருந்தது. பக்கச்சுவரில் இரண்டடிக்கு இரண்டடி ஒரு சாளரம் திறக்கலாம் என்றோம். சுத்தியலை எடுத்த பெரியவர் கீழே வைத்தார்.

“இதுக்குத் தொரைகிட்ட கேக்கணும், மாஸ்டர். கேக்காம சுவத்துல கைவைக்கப்படாது.”

எழுதிக் கேட்டோம். ஏழு மாதத்தின்பின் விடை வந்தது. பழுதுபார்க்கலாம், மாற்றமைக்கக் கூடாது. அவ்விரு சொற்களுக்குமுள்ள வேற்றுமையைத் தமிழாசிரியன் ஆராயாது விடுவானா? கூரைத் தகரங்களில் ஒன்று துருப்பிடித்து உளுத்திருந்தது. அதனை எடுத்துவிட்டு, அதே அளவில், அதே அலையில், ஒளிபுகும் தகடொன்றை இட்டோம். கடைக்காரர் அதனைக் கண்ணாடித் தகரம் என்பார். உளுத்த தகரத்துக்குப் புதுத் தகரம். ஆகவே அது பழுதுபார்த்தலே. மறுநாட் காலை அடுப்படியிலே வெயில் விழுந்தது. பெரியவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறருடைய பங்களாக்களுக்கு எத்தனையோ சாளரம் வைத்த கை அது. தாம் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற காம்பராவுக்கு ஒன்று வைக்க அதற்கு அனுமதி இருந்ததில்லை.

நமக்காவது சூழ்ச்சி பலித்தது. எங்கள் லயத்தின் நடுவே ஒரு காம்பராவில் ஒன்பது பேர் இருந்தனர். மூத்த மகனுக்கு மணமானபோது இஸ்தோப்பின் ஓரத்திலே பலகையும் தகரமும் கொண்டு ஒரு சாய்ப்பு இறக்கினர். அழகான வேலை, கட்டையும் கட்டையும் சேருமிடங்களில் ஆணியே தெரியாது. அனுமதியின்றிக் கட்டியது என்று அதனைப் பிரிக்கச் சொல்லிற்று தோட்டக் காரியாலயம். பிரித்தனர். அவ்வீட்டுத் தாயார் நம்மிடம் சொன்னது: “இது நம்ம வீடா, மாஸ்டர்? செக்ரோல்ல பேரு இருக்கிற வரைக்குந்தான் காம்பரா.” செக்ரோல் என்பது தோட்டத்தின் வேலைப் பதிவேடு. பெயர் அதில் இருந்தால் தலைக்குமேல் தகரம் இருக்கும்.

இந்நிலை வந்த வழியை மாணவர் பொருட்டுச் சுருங்கச் சொல்லுதும். கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்குமெனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களுக்கு வேலையோடு ஒட்டியதாகவே வதிவிடம் கொடுக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் பங்கிட்டது. பெரியவரின் தமையனார் அவ்வொப்பந்தத்தின்படி தலைமன்னாரிற் கப்பலேறியவர். அவரும் ஒரு மூட்டைதான் கொண்டுபோனாராம். 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 ஆம் ஆண்டில் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலே நிறைவேறியது. வாக்கு வந்தது, பாராளுமன்றத்திற் குரல் வந்தது. காம்பராவின் சுவர் மட்டும் எவருடையதோ அவருடையதாகவே இருந்தது.

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையில், நமது பதுளை மாவட்டத்திலேயே, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அன்றிரவு மடுல்சீமையிலும் மழை. நம் லயத்தில் எவரும் உறங்கவில்லை. எல்லோர் காதும் பின்மேட்டின் மேலேயே இருந்தது.

மறுநாள் கூரையைப் பற்றியும் சாளரத்தைப் பற்றியும் பேச்சில்லை. கான் வெட்டவேண்டும் என்றார் பெரியவர். நாம் முதலில் எண்ணியது, சுவருக்கும் மேட்டுக்கும் இடையே ஆழமாக வெட்டலாம் என்பது. அதுவே பேராபத்து என்று அவர் விளக்கினார். மேட்டின் காலை வெட்டினால் மேடு விழும். மேட்டுக்கு மேலே, சரிவுக்குக் குறுக்காக, மிக மெல்லிய சாய்வுடன் வெட்டி, மலையிலிருந்து வரும் நீர் மேட்டை அணுகுமுன் பக்கத்து ஓடைக்குத் திருப்பிவிடவேண்டும். தேயிலை மலைகளில் பழைய காலத்திலிருந்தே வெட்டப்பட்டுள்ள கான்கள் இம்முறையினவே. நீரோட்டத்தைத் தணித்து மண்ணைக் காப்பதற்கென்று செய்தவை. தேயிலைக்கு அக்காப்பு இருந்தது. லயத்துக்கு மேலே இருந்ததோ தூர்ந்து போயிருந்தது.

சாய்வு பார்க்க ஒளிபுகும் குழாயில் நீர் நிரப்பி இரு முனையையும் தூக்கிப் பிடித்தோம். இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நெடுநல்வாடையிலே அரண்மனைக்கு மனை வகுப்போர் கோல் நட்டு, நிழல் பார்த்து, நூல் பிடித்துத் திசை குறித்த செய்தியை உயர்தர வகுப்பிலே பலமுறை படிப்பித்திருக்கின்றோம். நூல் பிடிப்பதன் அருமை அன்றுதான் விளங்கிற்று. பெண்கள் கொழுந்து பறித்து வந்தபின், மாலை இருட்டுமட்டும், பதினொரு நாள் வேலை. சாய்ப்பைப் பிரித்த மகனும் வந்தார். அவர்தான் அதிகம் வெட்டினார். இம்முறை எவரிடமும் எழுதிக் கேட்கவில்லை. எவரும் வந்து தடுக்கவுமில்லை.

கான் வெட்டுவதோடு வேலை முடியாது. ஒவ்வொரு மாரிக்கு முன்னும் சருகும் சேறும் வாரவேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, மரங்களும் கம்பங்களும் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றுத் தோன்றுதல், தெளிந்த ஊற்றுக் கலங்குதல் அல்லது திடீரென நின்றுபோதல் ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் கூறும் இவ்வறிகுறிகளை ஏழாந் தர மாணவரைக்கொண்டு பெரிய எழுத்தில் எழுதுவித்து வகுப்பறைச் சுவரில் ஒட்டினோம். அது தமிழ்ப் பாடமா என்று ஒருவர் கேட்டார். பிழையின்றி எழுதியிருந்தனர்; ஆகவே தமிழ்ப் பாடமே.

பெரியவர் நமக்குக் கொத்துத் தொழில் கற்பித்ததற்கு நாம் கொடுக்கக்கூடிய கைம்மாறு ஒன்றே இருந்தது. அது மனு எழுதுதல். லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வரும். ஆகையால் விடை வந்ததா இல்லையா என்பதை அறிவதே ஒரு வேலை. அண்மைக் காலத்தில் லயங்களுக்குப் பதிலாக 7 பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டம் வந்தது. இந்திய உதவியாற் பெருந்தோட்டங்களிலே 4,000 வீடுகள் என்றும், 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமரால் மேலும் 10,000 என்றும் அறிவிக்கப்பட்டன. கட்டி முடித்தவற்றை நாமும் பார்த்திருக்கின்றோம். சாளரங்கள் உள்ளன, நல்ல வெளிச்சம். ஆயினும், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் ஒரு காலத்தில் உழைத்த துறைக்கு இந்த எண்கள் போதுமா என்பதைக் கணித ஆசிரியர்கள் சொல்லட்டும்.

பெரியவருக்காக நாம் எழுதிய மனுக்கள் ஆறு. முதலாவதில் நமது தமிழ்ப் புலமை முழுவதையும் காட்டினோம். இரண்டாவதிலிருந்து அளவுகளும் திகதிகளும் மட்டுமே. அவர் எண்பதைத் தாண்டிவிட்டார். மருமகளின் பெயர் செக்ரோலில் இருப்பதனால் காம்பரா இன்னும் அவர்களிடம் உள்ளது. ஆறாவது மனு எழுதிய அன்று, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாலுள்ள மேடுபள்ளமற்ற ஒரு துண்டு நிலத்துக்கு நம்மை அழைத்துச் சென்றார். நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தார். வாயில் இங்கே, அடுப்படி அங்கே, கிழக்கே இரண்டு சாளரம் என்று கைத்தடியாற் காட்டினார்.

“கெடைக்குமா, மாஸ்டர்?”

“விடை வரட்டும், ஐயா.”

“வர்றப்ப வரட்டும். இப்பவே மூலமட்டம் பாத்து வச்சிட்டா, அப்பொறம் வேல சுளுவு.”

மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்து பார்த்தோம். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு. ஒரு விரற்கடை பிசகில்லை.

நமது கல்லூரிப் பழைய மாணவர் எவரேனும் சின்ன உலக முடிவைக் காண மடுல்சீமைக்கு வருவாராயின், பாடசாலையில் விசாரித்தால் நமது காம்பராவைக் காட்டுவார்கள். தேநீர் உண்டு. ஆடி, ஆவணியில் வருவோர் தொப்பியை இறுகப் பிடித்துக்கொள்க. பழைய சைக்கிள் ரியூப் இருப்பின் எறிந்துவிடாது கொண்டுவருக; இரண்டு லயங்களில் ஆணிகள் இன்னும் குழியிலேயே இருக்கின்றன.